வெயிலில் ஒரு தோல் ஜாக்கெட்

ஏப்ரல் 11

கோடை இதழுக்குக் கறுப்புத் தோல் ஜாக்கெட்டாம். ஆசிரியருக்கு எப்படித்தான் தோன்றியதோ. வெயிலில் அதை எவன் போடுவான் என்று கேட்டேன். “அதச் சொல்லத்தானம்மா ஸ்டைலிஸ்ட்னு உன்ன வெச்சிருக்கோம்” என்றார்.

ஏப்ரல் 12

உள்ளே மெல்லிய வெள்ளை டி-ஷர்ட். வெளிர்நிற லினன் பேன்ட். காலுறை இல்லாமல் கான்வாஸ் ஷூ. ஜாக்கெட் ஒன்றுதான் கனம், மற்றதெல்லாம் லேசு. பார்க்கக் கோடைதான்.

மாடல், நாங்கள் நெட்டை என்று கூப்பிடுகிறவன். முப்பத்து நான்கு வயது. ஜிம் வேலை போன பிறகு இதற்கு வந்தவன். இதுவரை ஒரு அட்டைப்படம் கூட அமையவில்லை.

ஏப்ரல் 15

மொட்டை மாடி, உச்சி வெயில். நிழல் கூர்மையாக விழவேண்டும் என்றார் புகைப்படக்காரர். அரைமணி நேரம் போயிருக்கும். கொஞ்ச நேரம் கழற்றி வைக்கட்டுமா என்று நெட்டை கேட்டான். கலைந்துவிடும், இன்னும் ரெண்டே படம் என்றேன்.

நான்தான் சொன்னேன். வேறு யாருமில்லை.

அதற்குப் பிறகு எடுத்த ஆறாவது படத்தில் கால் மடங்கி விழுந்தான். ஜாக்கெட் உடம்போடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. ஜாக்கெட்டின் கைப்பகுதியைக் கத்தரியால் வெட்டித்தான் எடுத்தேன். சாயங்காலம் மருத்துவமனையில் கண் திறந்தவன் கேட்ட முதல் கேள்வி: “ஜாக்கெட்ட வெட்டிட்டீங்களாக்கா?”

ஏப்ரல் 16

கழட்டி மாட்ட ரெண்டு நிமிஷம்தான் ஆகியிருக்கும். கழட்டுடான்னு சொல்ல வாய் வரலையே எனக்கு. ஏன்?

ஏப்ரல் 18

படங்கள் வந்தன. விழுவதற்கு ஒரு நொடி முன்னால் எடுத்தது ஒன்று – பாதி மூடிய கண், எங்கோ தொலைவில் பார்வை. அட்டைக்கு இதுதான் என்றார் ஆசிரியர். அது பார்வை இல்லை, மயக்கம் என்றேன். வாங்குகிறவனுக்கு அது தெரியாதே என்றார்.

எனக்குத் தெரியுமே.

ஏப்ரல் 19

நெட்டை வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவன் மனைவி வாங்க என்று சொல்லவில்லை, விலகி வழிவிட்டாள். மன்னிப்புக் கேட்டேன். அந்தப் படத்தை அட்டையில் போட வேண்டாம் என்று சொல்லியிருப்பதையும் சொன்னேன். அவன் படத்தைக் காட்டச் சொல்லி வெகுநேரம் பார்த்தான்.

“இதையே போடச் சொல்லுங்கக்கா. விழுந்தது நான். வேணாம்னு நீங்க எப்படிச் சொல்லலாம்?”

பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: “நானே கழட்டியிருக்கலாம். அட்டப்படம் போயிடுமோன்னு பயம்.”

அவள் உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 24

அந்தப் படமே அட்டையில் போகிறது. என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். உள்பக்கக் குறிப்பை மட்டும் மாற்றி எழுதினேன்: வெயில் தாழ்ந்த பிறகு போடுங்கள், பகலில் தோளில் தொங்கட்டும். அழகு குறையாது.

மே 6

இதழ் கடைக்கு வந்துவிட்டது. மூன்று இடத்திலிருந்து நெட்டைக்கு அழைப்பு. சந்தோஷமா? ஆமாம். வெட்கமும்தான்.

மே 21

மத்தியானம் நெட்டை போன் செய்தான். வேறு ஒரு கம்பெனி படப்பிடிப்பிலிருந்து. கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்கச் சொன்னார்களாம்.

“முடியாதுன்னுட்டேன்க்கா.”

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களா என்று கேட்டேன்.

“இல்ல. நாலு மணிக்கு எடுக்கறாங்களாம். இப்ப மரத்தடியில உக்காந்திருக்கேன்.”