எதிர் போர்ஷன் காலி

அக்டோபர் 26, ஞாயிறு

இன்னிக்கு ‘எதிர் போர்ஷன்’ நாடகம் முடிஞ்ச கையோட டிவியில அடியில ஒரு வரி ஓடுச்சு. தம்பி டேனியலுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, எனக்கு வேகமாப் படிக்கத் தெரியாது. ரெண்டாவது தடவை ஓடும்போதுதான் பிடிச்சேன். நவம்பர் முப்பதோட நிறைவு பெறுகிறதாம்.

“பொய்யா இருக்கும்டா.”

“போக்கா. எத்தனை வருஷம்தான் அதே ஆளுங்க அதே வீட்டுல குடியிருப்பாங்க?” என் தம்பி இப்படித்தான். வயிறு மட்டும் வளருது, மனசுல ஈரம் வளரல.

அவன் பெண்டாட்டி ரக்ஷிதாதான் முகம் வாடிப்போனா. “இனி எனக்கு டீச்சர் யாரு அக்கா?” பக்கத்து ஏரியா ஹப்சிகுடாவோட தெலுங்குப் பொண்ணு. கல்யாணமாகி வந்ததுல இருந்து இந்த நாடகத்தைப் பார்த்துத்தான் தமிழ் கத்துக்கிறா. எனக்குத் தெலுங்கு தண்ணி மாதிரி வரும். அவ விட மாட்டா. “நம்ம வீட்டு பாஷை தமிழ், தமிழ்லயே பேசுங்க”ன்னு அடம்.

“ஏன், நான் இல்ல?”

“நீங்க கிண்டல் டீச்சர்.”

வாய் நீளம். அதுவும் என்கிட்ட கத்துக்கிட்டதுதான்.

அக்டோபர் 28

கேன்டீன்ல தோசை ஊத்திக்கிட்டே எல்லார்கிட்டயும் சொன்னேன், நாடகம் முடியப்போகுதுன்னு. எந்த நாடகம்னு கேட்டாங்க. தெலுங்கு பேசற இந்த நாச்சாரத்துல நான் யாரோட போய் துக்கம் கொண்டாட?

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். அப்பா அம்மா கல்லறைக்குப் பூ, மெழுகுவத்தி. காத்துல அணைஞ்சுக்கிட்டே இருந்தது. “உன் மாமனாரு பீடி குடிக்கிறவரு, தீப்பெட்டி அவருகிட்டயே கேளு”ன்னேன் ரக்ஷிதாகிட்ட. சிலுவை போட்டுக்கிட்டு சிரிச்சா.

சாயந்திரம் நாடகம் பார்க்கும்போது அப்பா ஞாபகம். ஜோலார்பேட்டையில இருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்தவர். வெளிய காலை வெச்சா தெலுங்கு, இன்னும் கொஞ்சம் தள்ளிப்போனா ஆமாவுக்கு ஹவ், வேணாமுக்கு நக்கோன்னு உருது. விழுந்து விழுந்து தமிழ்ல சிரிக்க எங்களுக்கு இருந்த இடம் ஞாயித்துக்கிழமை ஏழு மணி ஒண்ணுதான்.

அம்மாவை அடக்கம் பண்ணின வாரமும் அப்பா டிவியைப் போட்டார். நான் சிரிக்கிறேனான்னு அவர் என்னைப் பார்க்கிறார். அவர் சிரிக்கிறாரான்னு நான் அவரைப் பார்க்கிறேன். சின்னப்பையன் டேனியல்தான் முதல்ல சிரிச்சான். அவன் சிரிச்சதும் நாங்க ரெண்டு பேரும் அழுதோம். அந்த வருஷத்தோட என் பள்ளிக்கூடம் முடிஞ்சது. கோயில்ல ஞானோபதேச வகுப்புல கத்துக்கிட்ட தமிழ் எழுத்துதான் இப்ப இதை எழுதுது.

நவம்பர் 8, சனி

சிரிச்சு வயித்து வலி. சிரிச்சிருக்கக் கூடாதோ?

ஜோலார்பேட்டையில இருந்து ஆரோக்கியசாமி சித்தப்பா வந்தார். நான் அடுப்படியில. கதவைத் திறந்தது ரக்ஷிதா. ரெண்டு கையும் கூப்பி, முகமெல்லாம் சிரிப்பா, தெளிவான தமிழ்ல — “வாங்க வாங்க, எப்ப கிளம்புவீங்க?”

நாடகத்துல வீட்டுக்காரம்மா பவளம் வர்றவங்க எல்லாரையும் அப்படித்தான் கேட்கும், இதே கும்பிடு, இதே சிரிப்போட. இவ அதை மரியாதைன்னு நினைச்சுட்டா. எனக்கு முன்னாடியே தெரியும். பால்காரர்கிட்ட ஒருதடவை சொன்னா. அவருக்குத் தமிழ் தெரியாது, அவரும் பதிலுக்குக் கும்பிட்டார். திருத்தினா அந்த அழகு போயிடுமேன்னு விட்டுட்டேன்.

சித்தப்பா பையைக் கீழ வைக்கவே இல்ல. “ஸ்டெல்லா, இந்தப் பொண்ணு என்னம்மா வாசல்லயே வெச்சு விரட்டுது?” நான் கரண்டியோட தரையில உக்காந்து சிரிக்கிறேன். டேனியல் விளக்கிச் சொல்லி, காபி குடுத்து, ஒருவழியா சமாதானம். கிளம்பும்போது சித்தப்பா என் காதுல, “தெரியாம சொன்னாளோ தெரிஞ்சு சொன்னாளோ. நீ உன் இடத்தைப் பாத்துக்கோ”ன்னார்.

நவம்பர் 9, ஞாயிறு

அர்த்தம் தெரிஞ்சதுல இருந்து ரக்ஷிதா பேச்சு குறைஞ்சுபோச்சு. பவளம் கை கூப்பினப்போ எழுந்து உள்ள போயிட்டா. டேனியல் என்னை முறைச்சான். “ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்திருக்கலாம்ல?” ஆமா. அவகிட்டயும் என் தப்புதான்னு சொன்னேன். “பரவால்ல அக்கா”ன்னா.

அப்புறம் அவனே மெதுவா — பாலாநகர்ல ஃபேக்டரி பக்கத்துல ஃபிளாட் பார்த்திருக்கானாம். தினம் அவ்வளவு தூரம் போய் வர முடியலயாம். ஒரு பெட்ரூம். டிசம்பர்ல போகலாம்னு.

யார் யார் போகலாம்? அதை அவன் சொல்லல. நானும் கேட்கல. “பால்கனி இருந்தா உன் தொப்பைய வெளிய காயப்போடலாம்”ன்னேன். சிரிச்சான்.

நவம்பர் 13

துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன். ரக்ஷிதா பக்கத்துல வந்து உக்காந்தா. ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வெச்ச மாதிரி கேட்டா: “அக்கா, நீங்க எப்ப கிளம்புவீங்க?”

நான் கை கூப்பி, பவளம் மாதிரியே தலையை ஆட்டி சிரிச்சேன். அவளும் சிரிச்சா. ஆனா லேட்டா சிரிச்சா.

நவம்பர் 14

எங்க கிளம்ப? ஃபிளாட்டுக்கா, வீட்டை விட்டா? விளையாட்டா? இல்ல சித்தப்பா சொன்ன மாதிரியா? அர்த்தம் தெரிஞ்ச பிறகு கேட்டிருக்கா, அது மட்டும் நிச்சயம்.

தெலுங்குல கேட்டா ஒரே நிமிஷத்துல தெரிஞ்சுடும். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தமிழ்னா பாதி நாடகம். எதைச் சொன்னாலும் சிரிச்சு மழுப்பிடலாம். தெலுங்குல கேட்டா நிஜமான பதில் வரும். அதான் பயம்.

நவம்பர் 16, ஞாயிறு

நாடகத்துல எல்லாரும் வேற வேற ஊருக்குப் போறதாப் பேச்சு ஆரம்பிச்சாச்சு. நாங்க மூணு பேரும் பார்த்தோம். எதுக்கு சிரிச்சோம்னு ஞாபகம் இல்ல.

நவம்பர் 18

கேன்டீன்ல சாம்பார்ல ரெண்டு தடவை உப்பு போட்டுட்டேன். பாத்திரம் கழுவற ஷகீலா, “கைக்கு அக்கா, க்யா ஹுவா?”ன்னா, ஏன், என்ன ஆச்சுன்னு என் கண்ணையே பார்த்து. “வெங்காயம்”ன்னேன். இன்னிக்கு வெங்காயமே நறுக்கல.

நவம்பர் 20

கேட்டுட்டேன்.

டேனியல் வர்றதுக்கு முன்னாடி, மொட்டை மாடியில, தெலுங்குல. “ரக்ஷிதா, நிஜம் செப்பு. நான் அங்க வரணுமா, வேணாமா?”

ரொம்ப நேரம் கொடியில இருந்த கிளிப்பையே திருகிக்கிட்டு இருந்தா. அப்புறம், “ஒக்க சம்வத்சரம் அக்கா. மேமித்தரமே.” ஒரு வருஷம், நாங்க ரெண்டு பேர் மட்டும்.

அன்னிக்குத் துணி மடிக்கும்போது கேட்டதும் அதுதானாம். தெலுங்குல கேட்க வாய் வரலயாம். “தமிழ்ல கேட்டா... நீங்க கோவப்பட்டா காமெடின்னு சொல்லிடலாம்னு நினைச்சேன்”ன்னா. அழுதா.

நானும் அந்தக் காமெடிக்குப் பின்னாடிதானே ஒளிஞ்சுக்கிட்டு இருந்தேன்!

“சரி”ன்னேன். கிண்டலா ஒண்ணு சொல்லணும்னு பார்த்தேன். வரல.

நவம்பர் 21

அம்மா போனதுல இருந்து அவனுக்குத் தலை துவட்டினவ நான். ஸ்கூல் ஃபீஸ் கட்டினவ நான். கல்யாணமே வேணாம்னு இருந்துட்டவ நான். ஒரு வருஷமாம். என்னடி ஒரு வருஷம்?

நவம்பர் 22

நேத்து எழுதினதைப் படிச்சேன். கோடு போட்டு அடிச்சுடலாம்னு பார்த்தேன், விட்டுட்டேன். அதுவும் நிஜம்தான். அந்தப் பொண்ணு முகத்துக்கு நேரா சொன்னதும் நிஜம். அவ வயசுல என்கிட்ட யாராவது, “ஸ்டெல்லா, உனக்கு என்ன வேணும்”னு கேட்டிருந்தா நான் இவ்வளவு தெளிவா சொல்லியிருப்பேனா? கேட்கவும் இல்ல யாரும்.

வீட்டுக்காரர் சாரங்கபாணி சார்கிட்ட பின்பக்க ரூமைக் கேட்டேன். தர்றேன்னார்.

டேனியல்கிட்ட நானே சொன்னேன், வேலை இங்க, கோயில் இங்க, உன் குறட்டையில இருந்து எனக்கு விடுதலை வேணும்னு. நம்பின மாதிரி இருந்தான். கழுத்தைக் கட்டிக்கிட்டான், கழுதை மாதிரி வளர்ந்துட்டு.

நவம்பர் 30, ஞாயிறு

கடைசி நாள். கேசரி செஞ்சேன். எழவு வீட்டுல கேசரியாக்கான்னு டேனியல் கேட்டான். கண்ணாலம்னு வெச்சுக்கடான்னேன்.

நடிச்சவங்க எல்லாம் எங்களோட சேர்ந்தே கிழவங்களாயிட்டாங்க. பவளத்துக்கு மூட்டு வலியாம், போன வருஷத்துல இருந்து உக்காந்தேதான் நடிக்குது. இன்னிக்கு எழுந்து நின்னுச்சு. எதிர் போர்ஷன்காரங்க லாரி கிளம்புது. பவளம் கை கூப்பல, அந்த வசனமும் சொல்லல. காலி வீட்டுக்குள்ள போய், சுவத்துல அடிச்சிருந்த ஆணி ஒவ்வொண்ணையும் தொட்டுப் பார்த்துச்சு. பின்னாடி சிரிப்புச் சத்தம் போடல. இத்தனை வருஷத்துல முதல் தடவையா அந்த வீட்டுல மின்விசிறி ஓடற சத்தம் கேட்டது.

பேர் ஓடி முடிஞ்சதும் சோப்பு விளம்பரம் வந்துடுச்சு. டேனியல் எழுந்து முகம் கழுவப் போனான், ரொம்ப நேரம் கழுவினான். ரக்ஷிதா கேசரித் தட்டை எடுக்க மறந்து அப்படியே உக்காந்திருந்தா.

போயிட்டு வாங்க எல்லாரும். எங்க அப்பாவை சிரிக்க வெச்சீங்க.

டிசம்பர் 6, சனி

சாமான் வண்டி வந்தது. பீரோ வாசல்ல மாட்டிக்கிச்சு. “டேனியல் மாதிரி அதுவும் பக்கவாட்டுலதான் போகும்”ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. வண்டி திரும்பற வரைக்கும் நின்னேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

ஏழு மணிக்குப் பாட்டுப் போட்டி. அணைச்சுட்டேன். ரூம் சின்னதுதான், ஆனா என் மூச்சு எனக்கே கேட்குது.

டிசம்பர் 14, ஞாயிறு

போன் வந்தது. ரக்ஷிதா. பூந்தொட்டி வாங்கினது, டேனியல் தோசையைக் கருக்கினது எல்லாம் சொன்னா. நான் தெலுங்குல பதில் சொல்ல ஆரம்பிச்சேன். “நக்கோ அக்கா, தமிழ்”ன்னா.

அப்புறம், “அக்கா, நீங்க ஞாபகம் வர்றீங்க”ன்னா.

தெலுங்கை அப்படியே தமிழாக்கிட்டா. உங்க ஞாபகம் வருதுன்னு சொல்லணும். இது நாடகத்துல யாரும் பேசாத வசனம், அவளே செஞ்சது. தப்பைச் சொல்லலாம்னு வாயெடுத்தேன். விட்டுட்டேன், இந்தத் தடவை கிண்டலுக்காக இல்ல.

“அடுத்த ஞாயிறு கிறிஸ்துமஸ் பலகாரம் எடுத்துட்டு வரட்டுமா?”ன்னு கேட்டேன்.

“நம்ம வீட்டுக்குக் கேட்டுக்கிட்டா வருவாங்க?”ன்னா.

அச்சு முறுக்குக்கு மாவு அரைக்கக் குடுக்கணும்.