மாப்பிள்ளை வாங்க நினைக்கும் கார்

பெடாஸ்,
மாசி மாதம், 1944.

சௌபாக்கியவதி மகள் வள்ளிநாயகிக்கு அப்பா வீரமுத்து எழுதிக்கொண்டது. நானும் உன் அம்மாவும் மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் தைப்பிங்கில் காய்ச்சல் கண்டு படுக்காமல், ஒரு வேளையாவது சோற்றைக் கண்ணால் பார்த்து இருக்க வேண்டுமென்று தோட்டத்து மாரியம்மனிடம் கேட்டுக்கொள்கிறேன். அவளுக்கே இப்போது விளக்குக்கு எண்ணெய் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

உன் கடிதம் வந்து சேர்ந்தது. முக்கால் கடிதம் காரைப் பற்றியே எழுதியிருக்கிறாய். கடையில் வியாபாரம் படுத்துவிட்டது, ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டு சாக்கில் கட்டிப் போடும் அளவுக்கு வந்தும் அதைக் கொண்டுபோனால் ஒரு சட்டைத் துணி கிடைக்கவில்லை, நோட்டாக வைத்திருப்பதைவிடப் பொருளாக மாற்றிவிடலாம் என்று மாப்பிள்ளை நினைக்கிறார், பினாங்கிலிருந்து ஒருவர் நல்ல காரைச் சலிசாகத் தருகிறேன் என்கிறார், அப்பா டிரைவர்தானே, வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டு எழுது என்றாராம். நம் வீட்டுக் கார் ஓடுவதைக் கேள்விப்பட்டுத்தான் அவருக்கும் ஆசை வந்தது என்று வேறு எழுதியிருக்கிறாய். கடைசியில் இடம் போதாமல் ஓரத்தில் நுணுக்கி, தம்பி அர்ச்சுனனுக்குப் பெண் பார்த்தாயிற்றா, அவன் ஏன் எனக்கு இரண்டு வரி எழுதுவதில்லை என்று கேட்டிருக்கிறாய். உன்மேல் கோபமில்லை அம்மா. நாங்கள் எதுவும் எழுதவில்லை, உனக்கு எப்படித் தெரியும். தபாலில் போட்டால் ஜப்பான்காரனின் ஆள் பிரித்துப் படிக்கிறான், அந்தப் பயத்தில்தான் இத்தனை மாதம் வெறும் சௌக்கியம் என்று கார்டு போட்டேன். இதை ரயிலில் வேலை செய்யும் நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து படி. மாப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. கேட்டது கார் விஷயம், அதையே முதலில் சொல்கிறேன், மற்றது எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூருக்கு ஓடியபோது பதினாறு வருஷம் அவருக்குக் கார் ஓட்டிய என்னை எழுப்பக்கூட இல்லை, தானே ஓட்டிக்கொண்டு போய்விட்டார் என்பது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் இல்லை, சம்பளமும் இல்லை, எல்லோரும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மரவள்ளி நட்டுத் தின்றோம். அப்புறம் ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், அரிசி, துணி என்றெல்லாம் காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் நின்று சொன்னார்கள். போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசி வரவில்லை. வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்கும் லாரி ஓட்டுகிறவனுக்கும் பெர்மிட் உண்டு, அவர்களைக் கூலிக்குப் பிடிப்பதில்லை என்று சிரம்பானில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து உன் தம்பி என்னை விடவில்லை. நீ போனபின் அவன் என்னிடம் ஓட்டக் கற்றுக்கொண்டான், என்னைவிட நன்றாகவே ஓட்டுவான். "அப்பா, கார் இருந்தா நான் டிரைவர்லா, இல்லாட்டி நான் கூலி. சயாம் போன ஒருத்தனாச்சும் திரும்பி வந்தானா, நீங்களே சொல்லுங்க" என்று தினம் கேட்பான்.

சிரம்பானில் வட்டிக்கடை வைத்திருந்த வள்ளியப்ப செட்டியார் ஒரு ஆஸ்டின் காரை மாட்டுக்கொட்டகையில் வைக்கோலைப் போட்டு மறைத்து வைத்திருந்தார். நாய் குரைத்தால்கூட யாரோ பிடுங்க வந்துவிட்டார்கள் என்று நடுங்கிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு, "வீரமுத்து, எங்கிட்ட இருந்தா இது எனக்கு எமன், உங்கிட்ட இருந்தா உனக்குப் பிழைப்பு, எடுத்துக்கிட்டுப் போப்பா" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. விலை இறங்கிவிட்டது என்பதற்காக ஒரு பொருளை வாங்கக் கூடாது, காலம் கெட்டுக் கிடக்கும்போது கண்ணில் படுகிற மாதிரி எதையும் வாசலில் நிறுத்தக் கூடாது என்று சொல்லிப் பார்த்தேன். உன் அம்மாதான் முடிவு செய்தாள். கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றி, உனக்கென்று எடுத்து வைத்திருந்த தோட்டையும் சேர்த்து என் முன்னால் வைத்து, "இதப் போட்டுக்கிட்டு எந்தக் கோயிலுக்குப் போவப்போறேன், புள்ள இருந்தா போதும்" என்றாள். பசுவையும் விற்றோம். வாங்கினோம். பெட்ரோல் கிடைக்காததால் ரெம்பாவில் ஒரு சீனன் கரிப்புகையில் ஓடும்படி பின்பக்கம் கரியடுப்பை வைத்துக் கொடுத்தான், டயரில் இருந்த ஓட்டையையெல்லாம் நம் மரத்துப் பாலை ஊற்றியே அடைத்தோம். பெர்மிட்டும் கிடைத்தது. காக்கிச் சட்டையில் அவனைப் பார்த்தபோது, நான் இத்தனை வருஷம் போட்டதைவிட அது அவனுக்குப் பொருந்தியிருந்தது.

சில மாதம் நன்றாகத்தான் போனது. பெடாஸிலிருந்து சிரம்பான் பாசாருக்கு ஆளும் மரவள்ளிக் கிழங்கும் ஏற்றிப் போவான், வரும்போது உப்போ தேங்காய் எண்ணெயோ கொண்டு வருவான். மேட்டில் கார் இழுக்காது, ஏறியவர்கள் இறங்கித் தள்ள வேண்டும், தள்ளுகிறவர்களைச் சிரிக்கவைத்தே தள்ளவைப்பான். கீழ் லயத்து முத்தாயிக்குப் பிள்ளை வயிற்றில் குறுக்கே நின்று அவள் கத்திக்கொண்டிருந்தபோது, வாடகை பேசாமல் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அவள் புருஷன் நம் வாசலில் விழுந்து கும்பிட்டான், இவன் வெட்கப்பட்டுக் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு எதையோ முடுக்குகிற மாதிரி இருந்தான். அவனைப் பெற்றதற்கு எனக்கு அந்த ஒரு நாள் போதும்.

தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கணேசமூர்த்தி கிராணியை உனக்குத் தெரியும். உன் கல்யாணத்துக்குச் சிரம்பானிலிருந்து மாலை வாங்கி வந்தவர், உன்னை மகளே என்று கூப்பிட்டவர். துரை போனபின் தோட்டத்துக்கு அவர்தான் துரை. கையில் ஒரு துணிப்பட்டை கட்டிக்கொண்டு ஜப்பான்காரனுக்குக் குனிந்து குனிந்து அவர் முதுகே வளைந்துவிட்டது. அவர் ஒரு நாள் நம் வீட்டுக்கு வந்து, உன் அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, "அண்ணே, மேல இருந்து ஆள் கேட்டு நெருக்கறாங்க, தம்பி பேரும் அதுல இருக்கு, பெர்மிட்டெல்லாம் இனி செல்லாதாம். கார அவங்க கண்ணுல காட்டிட்டா பேர எடுத்துடலாம், நான் பாத்துக்கறேன்" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது வள்ளிநாயகி. இரும்பா பிள்ளையா என்று கேட்டால் யார் யோசிப்பார்கள். சாவியை நானே அவர் கையில் வைத்தேன். உன் அம்மா அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். தன்னைவிட வயதில் சின்னவன் காலைத் தொட்டாள். கார் எந்த ஜப்பான்காரனிடமும் போகவில்லை. கிராணி பங்களா வாசலிலேயே நின்றது, அவர் அதில்தான் டவுனுக்குப் போய் வந்தார். போகட்டும், பிள்ளை வீட்டில் இருக்கிறான் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தோம்.

அடுத்த வாரமே விடிகிற நேரத்தில் லாரி வந்தது. எல்லோரையும் பிரட்டுக்களத்தில் நிறுத்திப் பெயர் படித்தார்கள். அர்ச்சுனன் பெயரும் படித்தார்கள். நான் கிராணியிடம் ஓடினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "அங்க லாரி ஓட்ட ஆள் இல்லயாம் அண்ணே, பெர்மிட்டுல டிரைவர்னு பதிஞ்சிருக்கு, டிரைவரத்தான் மொதல்ல கேக்கறான், நான் என்ன பண்ண" என்றார். எது அவனைக் காப்பாற்றும் என்று வாங்கினோமோ அதுவே அவனைக் கொண்டுபோனது. காரும் போனது, அவனும் போனான். லாரியில் ஏறும்போது, "அம்மா, நான் கூலியா போகல, டிரைவராத்தான் போறேன், பயப்படாத, லாரியில ஒக்காந்த எடத்துலயே வேல" என்று கத்தினான். உன் அம்மா ஆற்றுப்பாலம் வரைக்கும் லாரிக்குப் பின்னால் ஓடினாள். அங்கே விழுந்த இடத்திலிருந்து அவளைக் கங்காணி வேலை பார்க்கும் முனியாண்டி மண்டோரும் நானுமாகத் தூக்கி வந்தோம்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், மனதைக் கட்டிக்கொள். போன மாதம் கோலா சாவாவைச் சேர்ந்த இராஜமாணிக்கம் என்ற பையன் சயாமிலிருந்து தப்பி வந்தான். காலில் எலும்பு தெரியப் புண், அவன் அம்மாவுக்கே அவனை அடையாளம் தெரியவில்லையாம். கேள்விப்பட்டு நானும் உன் அம்மாவும் நடந்தே போய்ப் பார்த்தோம். அவனும் உன் தம்பியும் ஒரே முகாமில் இருந்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் அங்கே வாந்திபேதி வந்து சனங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்திருக்கிறார்கள். நோயாளிகளை லாரியில் ஏற்றிப் போக எந்த டிரைவரும் வரவில்லையாம், உன் தம்பிதான் போயிருக்கிறான். கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வா என்றால், இவன் ஒவ்வொருவராகத் தூக்கி இறக்கி வாயில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வருவானாம். பிறகு அவனுக்கும் கண்டது. ஒரு நாளில் முடிந்துவிட்டது. மூங்கிலைப் போட்டு எரித்தார்களாம், நம் ஆட்கள் பக்கத்தில் இருந்தார்களாம், அனாதையாகப் போகவில்லை என்று அந்தப் பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். உன் தம்பி இல்லை அம்மா. லிங்கி ஆற்றில் போய்ச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். அவன் எனக்குச் செய்ய வேண்டியதை நான் அவனுக்குச் செய்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதாவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும். நாங்கள் கருமாதி முடித்துத் திரும்பிய வாரம் கணேசமூர்த்தி கிராணி வந்தார். காரை ஓட்டத் தெரியாத ஒருவனைப் போட்டு ஓட்டிக் கரியடுப்பைப் பிளந்து வைத்திருக்கிறார், டயரும் போய்விட்டது. வாசலில் நின்றபடியே, "அண்ணே, என்ன இருந்தாலும் அது ஒங்க கார், வெளியாளுக்குக் குடுக்க மனசு வரல, பாதி வெலைக்குத் தர்றேன், நீங்க கைவெச்சா ஓடிடும், தொழிலும் ஆச்சு" என்றார். உன் அம்மா உள்ளே மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தவள் கத்தியோடு எழுந்து வந்தாள். நான் பயந்துபோனேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கடையில் சாமான் கேட்கிற மாதிரி அமைதியாகக் கேட்டாள்: "வெறும் காரா, டிரைவரோடயா?" கிராணி ஒரு படி கீழே இறங்கினார். "டிரைவரோடன்னா சொல்லுங்க, என்ன வெலயானாலும் வாங்கிக்கறேன்" என்றாள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் லயத்துப் பக்கம் வருவதில்லை. ஆனால் அரிசி கூப்பன் அவர் கையில்தான் இருக்கிறது, எங்களுக்கு அது இப்போது வருவதுமில்லை. முத்தாயியும் அவள் புருஷனும் தங்களுக்கு வருவதில் ஒரு பிடி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். வேண்டாமென்றால் அழுகிறார்கள், வாங்கிக்கொள்கிறோம்.

மாப்பிள்ளைக்கு என் பதில் இது. நோட்டை வைத்திருப்பதில் பிரயோசனமில்லை என்று அவர் நினைப்பது சரிதான், ஜப்பான்காரன் போகும் நாளில் அது அடுப்பெரிக்கத்தான் ஆகும். அதை உப்பாக, துணியாக, காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரையாக, மண்வெட்டியாக மாற்றட்டும், பிரித்துப் பிரித்து வைக்கட்டும். மண்ணில் புதைக்க முடிகிற பொருளை வாங்கட்டும். காரைப் புதைக்க முடியாது. கடைக்குப் பெரிய மனிதர் ஒருவர் பழக்கம், அவர் பார்த்துக்கொள்வார் என்று மாப்பிள்ளை நினைத்தால், எங்களுக்கும் அப்படி ஒருவர் இருந்தார் என்று சொல். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, இந்த ஒரு தடவை நீ வாயைத் திறந்து பேசு, நான் சொன்னதாகவே சொல்.

அழாதே என்று எழுதமாட்டேன். அழுது முடித்துவிட்டுக் குழந்தைகளுக்குச் சாப்பாடு போடு. இப்போது இங்கே கிளம்பி வர வேண்டாம், ரயிலில் பெண்பிள்ளைகள் வருகிற காலமில்லை, வந்து பார்க்கவும் இங்கே ஒன்றுமில்லை. உன் அம்மா உனக்கு இரண்டு வார்த்தை எழுதச் சொன்னாள், என்ன எழுத என்று கேட்டால் எழுந்து கிழங்கு சீவப் போய்விடுகிறாள், நீயே புரிந்துகொள். குழந்தைகளைத் தண்ணீர் காய்ச்சாமல் குடிக்க விடாதே. நீயும் உன் குடும்பமும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும், மஞ்சள் குங்குமத்தோடு நீ நிறைந்து இருக்க வேண்டும், எங்கள் ஆசீர்வாதத்துக்கு ஏதாவது பலன் மிச்சமிருந்தால் அது முழுவதும் உனக்கே.

ஞாபகம் வைத்துக்கொள்: ஒருவேளை மாப்பிள்ளை நான் சொன்னதை மீறிக் காரை வாங்கியே விட்டாரென்றால், அவர் ஓட்டக் கற்றுக்கொள்ளக் கூடாது. எந்த ஆபீசில் எந்தத் தாளில் கேட்டாலும் டிரைவர் என்று மட்டும் அவர் பெயருக்கு நேராக எழுதவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
வீரமுத்து.