பாதி மாத்திரை

என் தங்க நைனாவுக்கு,

நீ போய் நாலு மாசம் ஆகிறது. அம்மா உன் கடைசிச் சட்டையை இன்னும் துவைக்கவில்லை. நான் யாரையும் கலாய்ப்பதில்லை என்று நம் கல்மண்டபம் ஏரியாவே ஆச்சரியப்படுகிறது. இந்த அற்புதத்துக்கு நீ சாக வேண்டியிருந்தது.

நேற்று அந்தோணி மாமா வந்தார். பத்து வருஷம் உன்னோடு ஒரே விசைப்படகில் தொழிலுக்குப் போன மாமாதான். வாசலில் நின்று இடுப்பைச் சொறிந்துகொண்டே கேட்டார்: "பாப்பா, நைனாவோட மாத்திர மீதி எதுனா கீதா? படை திரும்ப வந்துகினு கீது."

இருக்கிறது நைனா. பிஸ்கட் டப்பாவில் ஒன்பது.

உன் மூளைக்குள் பூஞ்சை என்று டாக்டர் சொன்னபோது, "ரொட்டிலதான பூக்கும், நைனா மண்டையிலுமா?" என்று நான்தான் கேட்டேன். நீயும் சிரித்தாய். முதுகில் ஊசி, வார்டில் பல நாள், அப்புறம் மாதக்கணக்கில் விழுங்க மாத்திரை. மாமாவின் இடுப்புப் படையும் பூஞ்சைதானாம்; அதற்கு மருந்துக்கடையில் கொடுத்ததும் அதே மாத்திரை. கடலில் ஆளுக்கொரு சட்டியா வைப்பீர்கள்? குழம்பு, பீடி, போர்வை எல்லாமே பங்கு. இதையும் பங்கு போட்டாய்.

நான் பார்த்தேன். மீன் கத்தியால் மாத்திரையை வெட்டிக்கொண்டிருந்தாய்.

"இன்னா நைனா, வஞ்சிரமா? தல யாருக்கு, வாலு யாருக்கு?"

"தோஸ்து சொறிஞ்சிகினே கீறாம்மே, பாவம். அம்மாகிட்ட சொல்லாத."

சொல்லவில்லை. உனக்குத் தலைவலி திரும்பி வந்தது. "மாத்திரை ஏதாவது விட்டுப்போச்சா?" என்று டாக்டர் கேட்டார். "ஒண்ணுகூட விடல டாக்டர்" என்றாய். பக்கத்தில்தான் நின்றேன். ஹெட்மாஸ்டரையே மடக்குகிற என் வாய், அன்றைக்கு லீவு போட்டுவிட்டது.

நீ போன பிறகு டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு விளக்கினார். பூஞ்சைக்கும் குரோமோசோம் உண்டாம். உள்ளே வரும் மருந்தை வெளியே இறைக்கிற பம்புக்கான குறிப்பு அதில் ஒன்றில் இருக்கிறதாம். மருந்தின் நெருக்கடியில் சில பூஞ்சைகள் அந்தக் குரோமோசோமை மட்டும் இரண்டாக வைத்துக்கொண்டு தப்பிக்குமாம். மருந்து நின்றால், சுமை எதற்கு என்று ஒன்றைக் கழற்றிவிடுமாம்.

உனக்குப் புரியும் நைனா. படகில் தண்ணீர் ஏறினால் இன்னொரு பம்பை ஏற்றுவீர்களே, அதுதான்; இங்கே படகு பூஞ்சை, தண்ணீர் மருந்து. மொத்தமாகத் தண்ணீர் அடித்திருந்தால் மூழ்கியிருக்குமோ என்னவோ. நீ கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பம்பு ஏற்ற நேரம் கொடுத்தாய். நான் காவல் நின்றேன்.

"அதனாலதான்னு உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

"உன் இடுப்புக்கு என் நைனா மண்டையா?" என்று மாமாவைக் கேட்க நாக்கு நுனிவரை வந்தது. "தூக்கிப் போட்டுட்டோம் மாமா" என்றேன். "மாத்திரைய போயி யாருனா தூக்கிப் போடுவாங்களா?" என்று முனகிக்கொண்டே போனார். உன் பாதி அவரையும் குணமாக்கவில்லை, பார்த்தாயா?

திங்கட்கிழமை அவரைத் தோல் டாக்டரிடம் இழுத்துப்போகிறேன். இதற்கு முன் மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்பார்கள். மாமா மழுப்புவார். நான் பக்கத்தில் நிற்பேன், இந்த முறை பேசுவேன். பாதி மாத்திரை என்பேன், மறுபாதி யாருடையது என்றும் சொல்வேன். அவர் அங்கேயே உட்கார்ந்து அழட்டும். அவருக்காகத் திறக்கப்போகிற வாய் உனக்காகத் திறக்கவில்லை. நீ மன்னித்திருப்பாய். நான் மாட்டேன்.

உன் வாயாடி மகள்,
ஸ்டெல்லா