வஞ்சிரம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள்

2-3-2003, ஞாயிறு

வில்சன், பிலோமி, ரூத் மூவரும் வந்தார்கள். சினை வஞ்சிரம் வாங்கியிருந்தேன். மீன் வயிற்றைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் உள்ளே சினை இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்துவிடும். காசிமேட்டு வியாபாரிகளே அசந்துபோவார்கள். சினையை என் மகனுக்கு மட்டும் வறுத்து வைத்தேன். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மருமகள் தட்டுகளைக் கழுவினாள், பேத்தி டிவி பார்த்தாள். மூன்று மணி அடித்ததும் கொடுங்கையூர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். எப்போதும் மூன்று மணிதான்.

மீந்த சோறும் குழம்பும்தான் ராத்திரிக்கு. மூன்று வேளையும் வெள்ளைச் சோறு. என் வீட்டில் அதற்குக் குறை வைத்ததில்லை.

6-3-2003

மாடிப்படியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன், யாரும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். சர்க்கரையாம். இருநூற்று எண்பது. மாத்திரை கொடுத்த டாக்டரம்மா, செவ்வாய்க்கிழமைகளில் மாதா கோயில் மண்டபத்தில் சாப்பாட்டைப் பற்றி வகுப்பு நடக்கிறது, போய்க் கேளுங்கள் என்றார்.

அறுபத்து மூன்று வயதில் எனக்குச் சாப்பிடச் சொல்லித் தருவார்களா?

வில்சனிடம் சொல்லப் போவதில்லை. சொன்னால் நாளைக்கே வந்து கூட்டிப்போய் அவன் வீட்டு மூலையில் ஒரு பாயைப் போட்டுவிடுவான். ஸ்டானிஸ்லாஸ் இறந்து ஆறு வருடம். ஹார்பரில் கிரேன் ஓட்டியவர் பெண்டாட்டி நான், யார் வீட்டு மூலைக்கும் போகவில்லை.

11-3-2003, செவ்வாய்

போனேன். கடைசி வரிசை. வகுப்பு எடுப்பது எழில்மொழி என்ற பெண், காலேஜ் முடித்தவள், என் பேத்தியைவிட ஏழெட்டு வயது பெரியவளாக இருப்பாள். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். நான் சப்பாத்தி என்றேன். பொய். கோயில் மண்டபத்திலேயே பொய்.

சோற்றைக் குறைக்க வேண்டுமாம். கேழ்வரகு, கம்பு, முருங்கைக்கீரை, சின்ன மீன். கேழ்வரகுக்கு நெல்லைப் போல் அவ்வளவு தண்ணீர் வேண்டாம், பூமிக்கும் நல்லது உடம்புக்கும் நல்லது என்றாள். எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

என் அம்மா ரயில் பாதையில் விழுந்த கரியைப் பொறுக்கி விற்றவள். காலையும் கூழ், மாலையும் கூழ். அஞ்சாவதோடு என் படிப்பை நிறுத்திய அன்றும் கூழ்தான் ஊற்றினாள். என் வீட்டு அடுப்பில் கூழ்ச்சட்டி ஏறாது என்று அன்றைக்கு நினைத்தேன். ஏறவும் இல்லை, இதுவரை.

18-3-2003

இன்று மீன் பாடம். வஞ்சிரம் பிடிக்கப் படகு நாள்கணக்கில் ஓடுகிறது, டீசல், ஐஸ் எல்லாம் செலவாகிறது. நெத்திலி கரைக்குப் பக்கத்திலேயே கிடைக்கும், முள்ளோடு மென்று தின்றால் எலும்புக்கும் நல்லது என்றாள். பிறகு போர்டில் ஒரு மீனை வரைந்து வயிற்றில் புள்ளி புள்ளியாக வைத்தாள். வைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஒவ்வொரு புள்ளியும் ஒரு மீனும்மா. அதுங்க முட்டை போடத்தான் ஏப்ரல்ல நாப்பத்தஞ்சு நாள் படகை நிறுத்துறாங்க."

தடைக்காலம் என்றால் சர்க்கார் கொடுக்கும் தொல்லை என்றுதான் நினைத்திருந்தேன். எத்தனை வருடமாக அழுத்திப் பார்த்து, சினை இருக்கும் மீனாகத் தேடித் தேடி எடுத்திருக்கிறேன். வீடு வரும் வரை இந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

20-3-2003

கதவைச் சாத்திக்கொண்டு கூழ் காய்ச்சினேன். கீழ்வீட்டுக் கெங்கம்மா தட்டினாள். கூடையில் மீன் விற்கிறவள், இந்தத் தெரு முழுக்கச் செய்தியும் அவளிடம்தான். சட்டி மேல் தட்டைக் கவிழ்த்துவிட்டுத் திறந்தேன். "இன்னாக்கா, பட்டப்பகல்ல கதவ சாத்திக்கினு கீற?" என்றாள். வெயில் என்றேன்.

ருசி அப்படியே இருக்கிறது. அம்மா கை வைத்த மாதிரி. குடித்துக்கொண்டே அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

1-4-2003

சர்க்கரை குறைந்திருக்கிறது. ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது! கூழுக்கு என்ன தொட்டுக்கொள்கிறீர்கள் என்று கேட்டாள் எழில்மொழி. கருவாடு என்றேன். தினமுமா என்றாள். கருவாடு இல்லாமல் கூழ் எப்படிம்மா இறங்கும்? மண்டபமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. மண்டபத்தில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

இனி சின்ன வெங்காயம்தான். கூழும் ஒரு கிண்ணம்தான், சொம்பு கணக்கில் இல்லை.

20-4-2003, ஈஸ்டர்

வில்சன் பிரியாணி வாங்கி வந்தான். நான் இரண்டு வாயோடு நிறுத்திக்கொண்டேன். வயிறு சரியில்லை என்றேன்.

மூன்று மணிக்குப் போனார்கள்.

27-4-2003, ஞாயிறு

வரவில்லை. போன் செய்தான். "தட போட்டு கீறாங்களே, மீனு இல்லாம நீ இன்னா ஆக்குவ? முடிஞ்சதும் வரோம்மா." என்னைச் சிரமப்படுத்தக் கூடாது என்றுதான் சொன்னான். அப்படித்தான் சொல்லியிருப்பான்.

4-5-2003, ஞாயிறு

யாரும் இல்லை. கீரை ஆய்ந்தேன்.

11-5-2003, ஞாயிறு

ஒரு ஆளுக்குச் சமைப்பதில் அளவு தெரிவதே இல்லை. ஒரு பிடி போட்டாலும் கூடுகிறது.

இத்தனை வருடமும் என்னைப் பார்க்க வந்தார்களா, வஞ்சிரத்தைப் பார்க்க வந்தார்களா? கேட்கக் கூடாத கேள்வி. கேட்டு எழுதியும் விட்டேன்.

31-5-2003, சனி

தடை முடிந்து சில படகுகள் போய் வந்துவிட்டன. நாளைக்கு வருகிறார்களாம். "சினையா பாத்து வாங்கும்மா" என்றான்.

விடியற்காலையிலேயே காசிமேடு போனேன். நல்ல வஞ்சிரம், கண் பளபளவென்று. அழுத்தினேன். இருந்தது. விரலை எடுக்க மனசு வரவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். பிறகு மீனை வைத்துவிட்டு நகர்ந்தேன். "இன்னா ஆயா, சினை இல்லியா?" என்றான் வியாபாரி. இருக்கு, அதான் என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

நெத்திலி வாங்கி வந்தேன்.

1-6-2003, ஞாயிறு

நெத்திலிக் குழம்பு, முருங்கைக்கீரை, கொஞ்சம் சோறு, ஒரு சட்டி கூழ். வில்சன் சட்டியைத் திறந்து பார்த்தான். மூடினான்.

"இன்னாம்மா, துட்டுக்குக் கஷ்டமா? கேட்டா நான் குடுக்க மாட்டனா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பிடிச்சா சாப்பிடு, பிடிக்கலன்னா வுடு என்றேன். இன்னாத்துக்கு அப்படிச் சொன்னேன்? பிலோமி மட்டும் கீரையை இரண்டாவது முறை போட்டுக்கொண்டாள். ஒன்றரை மணிக்கே கிளம்பிவிட்டார்கள்.

கூழை நானே குடித்தேன். நேற்றும் இன்றும் நாளையும் நானே.

8-6-2003, ஞாயிறு

வரவில்லை. போனும் இல்லை.

10-6-2003, செவ்வாய்

புதிதாகச் சில பெண்கள் வந்திருந்தார்கள். எழில்மொழி மறுபடியும் கேட்டாள், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று. என் முறை வந்தது. எழுந்து நின்றேன். கூழ் என்றேன். எங்கம்மாவும் அதுதான் காய்ச்சுவாள் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அந்தத் தெம்பு போவதற்குள் வீட்டுக்கு வந்து வில்சனுக்குப் போன் செய்தேன். எனக்குச் சக்கரைடா, மார்ச்சிலிருந்து கீது, துட்டும் இல்ல ஒண்ணும் இல்ல என்றேன். "ஏம்மா சொல்லல?" என்றான்.

"நீ கூப்டுக்கினு பூடுவியோன்னுதான்."

போனை வைத்துவிட்டேன்.

15-6-2003, ஞாயிறு

வில்சன் மட்டும் வந்தான். பிலோமிக்கு வேலையாம். ரூத்துக்கு டியூஷனாம். கூழ் என்று தெரிந்து பேத்தி வராமல் இருந்திருப்பாள், அது எனக்குத் தெரியாதா.

கிண்ணத்தில் ஊற்றி வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். கருவாடு இல்லையா என்றான். பிரஷர் என்றேன். இத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தான். வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு மிச்சத்தையும் குடித்தான். மாத்திரை அட்டையை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் படித்தான். கூட்டிப்போவதைப் பற்றிப் பேசவில்லை.

கெங்கம்மா வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். சட்டி நடுக்கூடத்தில் திறந்தபடி இருந்தது. நான் மூடவில்லை.

அப்படியே தரையில் சாய்ந்தவன் தூங்கிவிட்டான், சின்ன வயதில் தூங்குவது போல வாயைத் திறந்துகொண்டு. மூன்று மணி அடித்தது. நான்கும் அடித்தது.

எழுப்பவில்லை.