டோச் லைட்டுக்குள் ஈயத்தாள்

குவைத்
12.07.1984

ரீட்டாவின் அப்பாவுக்கு,

மாதா புண்ணியத்தில் நான் நல்ல சுகம். உங்கள் இருமல் நின்றதா? நம் பிள்ளை ரீட்டா சுகமா? றொசல்ல தோட்டத்தில் இன்னும் மழைதானா?

"இருட்டுல எங்கயும் போயிறாத புள்ள" என்று நீங்கள் தந்த டோச் லைட்டைக் கைப்பையிலேயே கொண்டுபோய்விட்டேன். கட்டுநாயக்க விமான நிலையத்தில் அதைக் கழற்றிப் பார்த்தார்கள். பேட்டரி ஆடாமலிருக்க நீங்கள் திணித்த ஈயத்தாளைக் கண்டதும் அதிகாரிக்கு முகம் மாறிவிட்டது. தேயிலைப் பெட்டித் தாள், மோந்து பாருங்கள் சேர் என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். மோந்தவர் சிரித்துவிட்டார். பேட்டரியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

நான் வேறு பேட்டரி வாங்கவில்லை. இந்த வீட்டில் இருட்டே கிடையாது.

வீட்டம்மா கூப்பிடுகிறார், முடிக்கிறேன். பதில் போடும்போது ஈயத்தாள் ஒரு துண்டு வைத்து அனுப்புங்கள். பழையதில் வாசம் போய்விட்டது.

மார்கிரட்