ஆறு மில்லிமீட்டர் வால்

மார்ச் 3, ஞாயிறு

என் விமானத்தின் வால் துடுப்பு ஆறு மில்லிமீட்டர் உயரம் அதிகமாம். சொன்னது யார்? என் மனைவியின் தம்பி. எங்கள் மாதிரி விமான கிளப்பில் நடுவர் அட்டையைக் கழுத்தில் மாட்டியதும் துரைக்குக் கண்ணில் அளவுகோல் முளைத்துவிட்டது.

பதினான்கு மாதம் சாப்பாட்டு மேசையில் கிடந்த போர் விமானம். அசலில் சரியாக ஆறில் ஒரு பங்கு. தகட்டில் தெரியும் ஒவ்வொரு ஆணித்தலையையும் பசைச்சொட்டு வைத்து எழுப்பினேன். இன்றைய போட்டியில் ரிமோட்டில் அது வட்டமடித்தபோது ஒருவரும் குறை சொல்லவில்லை. இவன் ஒரு புகைப்படத்தைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, இருபது பேர் முன்னால், "அத்தான், வால் கொஞ்சம் ஓங்கி நிக்குது" என்கிறான். நான்கு மதிப்பெண் போயிற்று.

எனக்கு எவனும் சொல்லித் தரவில்லை. இவன் சொல்லித் தருகிறானா?

மார்ச் 4

கிளப்புக்கு மூன்று பக்கக் கடிதம். அவனை நடுவர் பொறுப்பிலிருந்து நீக்கவேண்டும், பொறாமையில் குறைத்திருக்கிறான் என்று எழுதினேன். மனைவி படித்துப் பார்த்தாள். "பொறாமைங்கிறத மட்டும் எடுத்துடுங்க" என்றாள். எடுக்கவில்லை. தபாலில் போட்டாயிற்று.

மார்ச் 6

செயலாளர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை விசாரணை. அதுவரை மைத்துனன் அட்டையை வாங்கி வைத்திருக்கிறார்களாம். என் வரைபடத்தை எடுத்துவரச் சொன்னார். எடுத்து வருகிறேன். மூஞ்சிக்கு நேராக விரிக்கிறேன்.

மார்ச் 8

வீட்டில் பேச்சு இல்லை. இல்லாவிட்டால் போகட்டும்.

மார்ச் 9

எழுதக் கை வரவில்லை.

நாளைக்காக வரைபடத்தையும், அது அச்சான புத்தகத்தையும் எடுத்து வைத்தேன். புத்தகத்தில் உடல் நீளம் 148 மில்லிமீட்டர். என் வரைபடம் அதைக் கடையில் பத்து மடங்கு பெரிதாக்கிய நகல்; அதில் 1480. அச்சுப் பிசகவில்லை. சரி, வால் உயரத்தையும் அளந்துவிடுவோம் என்று — புத்தகத்தில் 24. நகலில் 240 இருக்கவேண்டும்.

246.

நாலு தடவை அளந்தேன். ஸ்கேலை மாற்றினேன். கண்ணாடியைத் துடைத்தேன். 246.

அந்த நகல் கடைக்காரன் அன்றைக்கே சொன்னான். பேப்பர் ஓடும் திசையில் மெஷின் கொஞ்சம் சுருக்கும், குறுக்கேயும் ஒரு தடவை அளந்து பாருங்க சார் என்று. எனக்குத் தெரியாதா என்று கத்தினேன். நீளம் 1480 வரும்வரை அளவை ஏற்று, ஏற்று என்று நின்றவன் நான்தான். நீளம் சரியானது. உயரம் தூக்கிக்கொண்டது. உடல் சட்டங்களைப் புத்தகத்து எண்களைப் பார்த்து அறுத்தேன், அதனால் அவை தப்பித்தன. வாலை மட்டும் நகலை ஒட்டி அறுத்தேன்.

யார் மேல கோவப்படுறது இப்போ? சொல்லு. யார் மேல?

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். ஸ்கேல் இருந்த இடத்தைப் பார்த்தாள். "நாளைக்குப் போவீங்கல்ல?" என்றாள்.

மார்ச் 10

போனேன். வரைபடத்தை விரித்தேன். "வால் தப்பு. அளந்தது நான். கடிதத்துல பொறாமைன்னு எழுதினதும் தப்பு" என்றேன். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை, வரவும் வராது. அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவன் என்னைப் பார்க்காமல் மாட்டிக்கொண்டான். பார்த்திருந்தால் அடித்திருப்பேன்.

நாலு மதிப்பெண்ணும் திரும்பி வராது. வேண்டாம்.

மார்ச் 17, ஞாயிறு

வாலை அறுத்துப் புதிதாகச் செய்துவிட்டேன். 240. நெடுக்கிலும் குறுக்கிலும் மனைவியே அளந்தாள்.

சாயங்காலம் மைத்துனன் வந்தான். புதிய வாலை நெடுநேரம் பார்த்துவிட்டு, விமானத்தின் மூக்கு நிறம் கொஞ்சம் வெளுப்பு என்றான். அது அவன் கண்ணின் கோளாறு; அதையும் சொன்னேன். பிறகு பழைய வாலைக் கேட்டான், புது நடுவர்களுக்குக் காட்டிச் சொல்லிக்கொடுக்க. உங்க பேர் சொல்லமாட்டேன் அத்தான் என்றான்.

முடியாது என்றேன். காப்பியைக் குடித்துவிட்டுச் செருப்பை மாட்டினான்.

வாசல்வரை போய்க் கொடுத்தேன். கொடுக்குமுன் அதன்மேல் பென்சிலால் எழுதினேன்: ஆறு மி.மீ. அதிகம். கீழே என் கையெழுத்து.