பேர் போடாத பதில்

ஜூன் 9, திங்கள்

பல் தேய்ப்பதற்கு முன்பே போனை எடுத்துப் பார்த்தாயிற்று. அருள்மொழி கிளினிக்: 4.9 நட்சத்திரம், இருநூற்றுப் பன்னிரண்டு பேர். எனக்கு 4.1, முப்பத்தேழு பேர். அதில் ஒருத்தி என் தங்கை.

பதினெட்டு வருடமாகப் போடியில் வைத்தியம் பார்க்கிறேன். அருள்மொழி என்னிடம் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, அடுத்த தெருவிலேயே போர்டு மாட்டினாள். வாசலில் மீன் தொட்டி வைத்திருக்கிறாள். காய்ச்சலுக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்?

ஜூன் 10

அவளுக்கு இருநூற்றுப் பதினைந்து.

ஜூன் 12, வியாழன்

என் பக்கத்தில் ஒற்றை நட்சத்திரம். ராக்கையா என்ற பெயரில். "மூணு மணி நேரம் உக்கார வச்சாங்க. ஊசி கூடப் போடல. எல்லாரும் அருள்மொழி டாக்டர்கிட்ட போங்க."

கடைசி வரியில்தான் வயிறு எரிந்தது.

ராக்கையா, போடிமெட்டைத் தாண்டி ஏலக்காட்டுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பு டிரைவர். காட்டுக்குள் டவர் கிடைக்காது. அதனால் அவர் ஜீப்பில் போகிறவர்கள் எல்லோரும் எங்கள் சீட்டில் அவர் நம்பரைத்தான் கொடுப்பார்கள். கம்ப்யூட்டரில் அந்த நம்பரைப் போட்டேன். செவ்வாய் சாயங்காலம், பேச்சி. ரத்தப் பரிசோதனைக்காக மூன்று மணி நேரம் இருந்தவள். ஊசி போடவில்லை. எல்லாம் பொருந்தியது. அவர் போனில் சொல்லி எழுத வைத்திருக்கிறாள். அவளிடம் எவ்வளவு பொறுமையாகப் பேசினேன்!

உடனே பதில் எழுதினேன்: "செவ்வாயன்று ஜீப்பில் வந்து இறங்கிய பெண்ணுக்கு வலிப்பு. அதற்கு மாத்திரைதான், ஊசி கிடையாது. ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரைதான் காத்திருக்கச் சொன்னோம்."

நர்ஸ் கலையரசி எட்டிப் பார்த்தாள். "வேணாம் டாக்டரம்மா. அவுக வியாதியப் போயி இப்படி..."

பேர் போடவில்லையே என்றேன்.

ஜூன் 13

பதிலை நாலு தடவை படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. அருள்மொழியும் படித்திருப்பாள்.

ஜூன் 16, திங்கள்

பேச்சி வந்தாள். ஜீப்பில் இல்லை, பஸ்ஸில். எல்லோரும் போகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசியாக உள்ளே வந்தாள்.

"அது நான் எழுதலம்மா. ராக்கையா அண்ணே அன்னைக்கு அவரு இடுப்பு வலிக்குக் காட்ட வந்தாரு. அவருக்குத்தான் நீங்க ஊசி போடல."

கம்ப்யூட்டரைத் திறந்தேன். அதே நம்பர். பேச்சிக்குக் கீழே அடுத்த வரியில் ராக்கையா, இடுப்பு வலி. அவரையும் அன்று நானே பார்த்து அனுப்பியது நினைவிலேயே இல்லை; நான் கீழே இறங்கிப் பார்க்கவே இல்லை.

"அன்னைக்கு ஜீப்புல இருந்து இங்கன எறங்குன பொம்பள நான் ஒருத்திதான். எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. சரிவுல விழுந்து கெடந்தா யாரு பதில் சொல்றதுன்னு கங்காணி வேலைக்கு வர வேணாங்குறாரு. எங்க ஆத்தாவுக்குத்தாம்மா தெரியும். வெளிய ஒங்ககிட்ட மட்டுந்தான சொன்னேன்?"

மன்னிப்புக் கேட்டேன். அவள் பழைய மாத்திரைச் சீட்டுகளைக் கேட்டாள், எடுத்துக் கொடுத்தேன்.

பதிலை அழித்துவிட்டேன். ஆனால் ஜீப்பில் போகிறவர்கள் போனில் எல்லாம் படமாக இருக்கிறதாம். பாவி, என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன்! ஒரு நட்சத்திரத்துக்காக. அதுவும் இல்லை — அந்த ஒரு பேருக்காக.

ஜூன் 18

கங்காணிக்குக் கடிதம் எழுதினேன். ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறாள், இரண்டு வருடமாக வலிப்பு வரவில்லை, வேலை பார்க்கலாம் என்று. நாளைக்கு நானே மலைமேலே போய்க் கொடுக்கப்போகிறேன் என்றேன்.

"இந்தத் தடவையும் அவளக் கேக்காமத்தான் போறீகளா?" என்றாள் கலையரசி.

சரி, கேட்கலாம் என்றால், சீட்டில் இருப்பது ராக்கையா நம்பர். கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டேன்.

ஜூன் 25, புதன்

காரில் போகும்போது பார்த்தேன். அருள்மொழி கிளினிக்கில், அந்த மீன் தொட்டிக்குப் பக்கத்தில் பேச்சி. மீனைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. என் பேஷண்ட் அல்லவா அவள்?

வீட்டுக்கு வந்ததும் அருள்மொழிக்குப் போன் போட்டேன். பேச்சி எப்படி இருக்கிறாள் என்று சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"யாரு வந்தாங்க, யாரு வரலன்னு நான் சொல்றதில்லக்கா. நீங்கதான, நான் வேலைக்குச் சேந்த அன்னைக்கே சொன்னீங்க? வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லக் கூடாதுன்னு."

குத்திக்காட்டவில்லை அவள். நிஜமாகவே மரியாதையோடு சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஜூன் 26

அவளுடைய நட்சத்திரங்களை நேற்றிலிருந்து பார்க்கவில்லை. பொறாமை மட்டும் போகவில்லை. முன்பைவிட அதிகம்.

ஜூலை 8, செவ்வாய்

ராக்கையா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். அடுத்த தெருவில் கூட்டம், டோக்கன் கிடைக்கவில்லையாம். உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"பேச்சி நேத்துலருந்து திரும்ப ஜீப்புல வருதும்மா. அந்த டாக்டரம்மா ஒரு காயிதம் குடுத்தாங்களாம், கங்காணி மறுபேச்சு பேசல. அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னா..."

கேட்டுவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. எத்தனை வரி எழுதினாள், என்னுடையதைவிட நன்றாக எழுதினாளா, என்னைப் பற்றி ஏதாவது இருந்ததா. இழுப்பறை என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

"அத விடுங்கண்ணே," என்றேன். "ஒங்களுக்கு வலி எந்தப் பக்கம்?"